ஒரே கட்டி, இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, மார்பகப் புற்றுநோய். ஊசி பயாப்ஸியில் 'ஈ.ஆர். பாசிட்டிவ், 80 சதவீதம்' என்று வந்தது. மூன்றே வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்த கட்டியை வேறொரு லேபில் பார்த்து 'ஈ.ஆர். நெகட்டிவ்' என்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த முடியாதா டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரத்தத்தில் பார்க்க முடியாதம்மா. ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜென் ஏற்பி. செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் ரத்தத்தில் ஓடும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியோ செல்லுக்குள்ளேயே இருக்கும். அதனால் கட்டியின் சதையில்தான் தேடியாக வேண்டும்.

ஒரு காலத்தில் கட்டியை உறையவைத்து அரைத்து, கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்து அளந்தார்கள். அரைத்துவிட்டால் எது புற்றுசெல், எது நல்ல செல் என்று எப்படிப் பிரிப்பது? 1980 வாக்கில் சிகாகோவில் ஜெஃப்ரி கிரீனும் எல்வுட் ஜென்சனும் இந்த ஏற்பியை மட்டும் பற்றும் ஆன்டிபாடிகளை உருவாக்கிய பிறகு வழி திறந்தது. இன்று மெழுகில் பதித்த சதையை 4 மைக்ரான் கனத்தில் சீவி, சூடாக்கி (பல லேப்களில் இதற்குப் பிரஷர் குக்கர்தான்), ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். ஏற்பி இருந்தால் உட்கரு பழுப்பாகும், இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். நூற்றில் ஒரு புற்றுசெல் பழுப்பானாலே பாசிட்டிவ்தான். 1 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாக எழுதுவோம்.

சரி, மூன்று வாரத்தில் 80 எப்படிப் பூஜ்யமாகும்? இடையில் கீமோ கொடுத்திருந்தால் மாறலாம். கட்டியே இடத்துக்கு இடம் வேறுபடுவதும் உண்டு. ஆனால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், சதை கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலின் மேல்தான். வெட்டியெடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். ஊசியில் வரும் சதை நூல் போல இருக்கும், உடனே ஊறிவிடும். முழு மார்பகத்தை வகுந்து போடாவிட்டால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேராது, புரதம் சிதைந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மாலை எடுத்த மார்பகம் வகுந்து போடாமலே திங்கள்கிழமை எங்கள் லேபுக்கு வந்தது. வெட்டினால் நடுவே இன்னும் சிவப்பாக, கொழகொழவென்று இருந்தது. ஸ்லைடில் புற்றுசெல் எல்லாம் நீலம். பக்கத்திலிருந்த நல்ல பால்குழாய்களும் நீலம்! அங்கே சில செல்களாவது பழுப்பாகியிருக்க வேண்டும். அவை பழுப்பாகவில்லையென்றால் பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய பயாப்ஸி பிளாக்கை (சதையைப் பதித்த மெழுகுத் துண்டை) வரவழைத்துப் பார்த்தேன், பளிச்சென்று பாசிட்டிவ்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தவறான நெகட்டிவ் ஒரு மருந்தையே பறித்துவிடும். கனடாவின் நியூஃபவுண்ட்லேண்டில் 1997 முதல் 2005 வரை நடந்த பரிசோதனைகளில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தவறான முடிவு போயிருந்தது. பலருக்கு, ஈ.ஆர். பாசிட்டிவ் புற்றுக்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை கிடைக்காமலே போனது. நீதிபதி மார்கரெட் கேமரூன் விசாரித்து 2009-இல் அறிக்கை கொடுத்தார். உங்கள் அம்மா வயதில் ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் லெட்ரோசோல் போன்ற மாத்திரையை, தினம் ஒன்றாகக் குறைந்தது 5 வருடம் கொடுப்பது வழக்கம். அதை இழக்கவிடக் கூடாது.

இரண்டு ரிப்போர்ட்டையும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, இரண்டு பிளாக்குகளையும் ஒரே லேபில் மறுபரிசோதனை செய்யச் சொல்லுங்கள். "பக்கத்து நல்ல பால்குழாய் பழுப்பானதா?" என்று கட்டாயம் கேளுங்கள். பிளாக்கை லேபில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஐஸ் வேண்டாம். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.