சுட்டதற்கு அப்புறம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. ஒரு வருடமாக ராத்திரி தூக்கம் வரும்வரை இரண்டு வகைக் காணொளிகள்தான் பார்க்கிறேன். ஒன்று, போர்முனையில் இருந்த வீரர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் ஆவணப்படங்கள். இன்னொன்று, சிங்கம், யானை, காட்டெருமை என்று பெரிய விலங்குகளை வேட்டையாடும் படங்கள். வீரர்கள் உட்கார்ந்து பேசும் இடங்களை மட்டும் இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டுச் சண்டைக் காட்சிக்குப் போய்விடுவேன். இதெல்லாம் வக்கிரம் என்கிறான் என் நண்பன். போரும் வேட்டையும் ஆதியில் ஒன்றுதானா? இந்த வகையில் நல்ல படங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில், ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியதைப் புத்தகமாக எழுதிய ஜிம் கார்பெட் விரித்தபடி கிடந்தார். பல நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நண்பர் சொன்ன வக்கிரத்தை விடுங்கள். சாவின் பக்கத்தில் போய்த் திரும்பியவன் வாயைத் திறந்தால் காது கொடுக்காத மனிதர் யார்? போரும் வேட்டையும் ஒன்றா என்பதையும் இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். அது ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இரட்டை வேகத்தில்தான். தம்பி, எதைத் தாண்டிப் போகிறீர்கள் என்று தெரிந்துதான் போகிறீர்களா?

எங்கள் சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். வீட்டுக்கு வந்த பிறகு போரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தொலைக்காட்சியில் போர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பதினாறு வயது, கண்ணை எடுக்காமல் பார்க்கிறேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "சத்தம் தப்பு" என்றார். திரும்பினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். சுரீரென்று காதில் அறைந்தது. வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். அப்புறம் கட்டில் சட்டத்தில் முஷ்டியால் மெதுவாக ஒரு குத்து. டொம்.

"இப்படித்தான் கேட்கும். குண்டு, சத்தத்தை விட வேகமாக வரும். முதலில் சாட்டை சொடுக்கினது மாதிரி தலைக்கு மேலே வெடிக்கும். சுட்ட துப்பாக்கியோட சத்தம் பின்னால்தான் வந்து சேரும். நடுவில் இருக்கிற நேரத்தை வைத்துத்தான் சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணக்குப் போடுவோம்."

படத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா துண்டை மடித்தார். "ஒரு தடவை சொடுக்கு கேட்டது. பக்கத்தில் இருந்தவன் சாய்ந்துவிட்டான். அதுக்குப் பிறகுதான் அந்த டொம் வந்தது. அவன் அதைக் கேட்டிருக்கமாட்டான்."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்புறம்?" என்றேன். கதை கேட்கிற பையனின் அவசரம். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு அவர் இருந்த அத்தனை வருடத்திலும் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பார். இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது. நீங்கள் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பொத்தானை அழுத்தி அதே "அப்புறம்?" கேட்கிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசும் அந்தக் கிழவர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தடுமாறுகிறாரே, அவர் போர்முனையில் இருந்ததற்கு அந்தத் தடுமாற்றத்தை விடப் பெரிய சான்று எந்தக் கேமராவிலும் கிடையாது. அதைத்தான் ஓட்டிவிடுகிறீர்கள்.

நீங்கள் தேடி ஓடும் காட்சிகள் எத்தனையோ முறை பொய்யாகவே இருந்திருக்கின்றன. 1909இல் அமெரிக்க அதிபர் பதவி முடிந்த கையோடு தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். கூடப் போக அனுமதி கிடைக்காத வில்லியம் செலிக் என்ற தயாரிப்பாளர் சிகாகோவிலேயே ரூஸ்வெல்ட் மாதிரி ஒருவரைப் பிடித்தார். வயதான சிங்கம் ஒன்றை விலைக்கு வாங்கிக் கேமரா முன்னால் சுடவைத்தார். ஜனம் அதை ஆப்பிரிக்கா என்று நினைத்துப் பார்த்தது. 1916இல், முதல் உலகப்போரில் பிரான்சில் நடந்த சொம் போர் பற்றிய பிரிட்டிஷ் படத்தை ஆறே வாரத்தில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி, போர்முனைக்குப் பின்னால் நடிக்கவைத்து எடுத்தது என்பதுதான் வரலாற்றாசிரியர்களின் முடிவு. அதே படத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் காட்சிகளும் இருக்கின்றன. அவை நிஜம்.

சரி, கார்பெட்டுக்கு வருகிறேன். 1907இல் இமயமலைப் பகுதியில் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. செத்துக் கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்க்கிறார். வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி இல்லை, கீழ்க் கோரைப்பல் எலும்புவரை போய்விட்டது. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பக்கம் திரும்பியது என்று எழுதுகிறார்.

எவனோ ஒருவன் சுட்டிருக்கிறான். குண்டு வாயில் பட்டிருக்கிறது, புலி ஓடியிருக்கிறது. அவன் வீட்டுக்குப் போய்த் தன் சாகசத்தைச் சொல்லியிருப்பான். உங்கள் வேட்டைப் படங்கள் எங்கே முடிகின்றன என்று கவனியுங்கள். துப்பாக்கி வெடிக்கும், விலங்கு சாயும், வேட்டைக்காரர் பக்கத்தில் மண்டியிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார். உயிரோடு தப்பிய விலங்கின் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் போகும் மணிக்கணக்கான நடை அதில் பெரும்பாலும் இருக்காது. கார்பெட் அந்த வாயைத் திறந்து பார்த்தார். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் என் மேஜையில் இருக்கிறார்.

படங்கள் கேட்டிருந்தீர்கள். ஒன்றுதான் சொல்வேன். ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவத்துக்காக எடுத்த 'லெட் தேர் பி லைட்'. மனம் உடைந்து ஊர் திரும்பிய வீரர்கள் ராணுவ மருத்துவமனையில் இருக்கிறார்கள். அதை எடுக்கச் சொன்ன ராணுவமே சுமார் 35 வருடம் வெளியே விடவில்லை. நோயாளிகளின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். அதில் ஒரு வீரர் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, காதலியின் போட்டோ தனக்கு வந்ததைச் சொல்லத் தொடங்குகிறார். பாதியில் அழுகை முட்டுகிறது, மேலே பேச முடியவில்லை.

அந்த இடத்தில் கையை எங்காவது தூர வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் படமே ஒரு மணி நேரத்துக்குள்தான். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.