வட்டமாக முடி கொட்டினால் எல்லாம் புழுவெட்டா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டியிருக்கிறது. செதில் உதிர்கிறது; ஓயாமல் சொறிகிறான். புழுவெட்டு என்று சொல்லி மாமியார் சின்ன வெங்காயம் தேய்த்தார். மருந்துக்கடையில் கொடுத்த களிம்பை மூன்று வாரமாகப் பூசியும் வட்டம் பெரிதாகிறது. மொட்டை அடித்துவிடலாமா?

பதில்: மொட்டை தேவையில்லை. வெங்காயத்தை இன்றே நிறுத்துங்கள். புண்ணான தோலை அது மேலும் எரித்துவிடும்.

நேரில் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், இது புழுவெட்டாகத் தெரியவில்லை. புழுவெட்டில் தோல் வழவழவென்றிருக்கும், செதில் இருக்காது. உங்கள் மகனுக்குத் தலையில் படர்தாமரை வந்திருக்கலாம். பூஞ்சையால் வரும் இந்தத் தொற்று, பருவமடையாத குழந்தைகளையே அதிகம் பிடிக்கும். முடி தோல் மட்டத்தில் ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிகிறதா, பிடரியில் நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

களிம்பு ஏன் கேட்கவில்லை? பூஞ்சை முடித்தண்டுக்குள்ளும் வேர்ப்பையிலும் குடியிருக்கிறது. மேலே பூசுவது அங்கே எட்டாது. போதாக்குறைக்கு, கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பை அடக்கி, நோயின் அடையாளத்தையே மாற்றிவிடும். அந்தக் களிம்புக் குழாயைத் தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

அவர் செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை என்றால் வாய்வழி மருந்துதான்: கிரைசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின். அளவைக் குழந்தையின் எடை பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். கிரைசியோஃபல்வின் என்றால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். பால், முட்டை போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் நன்றாக உடலில் சேரும். இரண்டாம் வாரத்தில் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடும் பெற்றோர்தான் எனக்குப் பெரிய தலைவலி. அடுத்த மாதமே திரும்பி வருவார்கள்.

வட்டம் திடீரென்று வீங்கி, தொட்டால் மெத்தென்று அமுங்கி, சீழ் கசிந்தால் காத்திருக்க வேண்டாம். அதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்துக் கீறவும் விடாதீர்கள். அது பூஞ்சைக்கு எதிரான உடலின் கடுமையான எதிர்வினை. சிகிச்சை தாமதமானால் தழும்பாகி, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். மற்றபடி உரிய மருந்து கிடைத்தால் முடி திரும்ப வளர்ந்துவிடும்.

சிகிச்சை தொடங்கியபின் பள்ளிக்கு அனுப்பலாம். சீப்பு, துண்டு, தலையணை உறை ஆகியவற்றை மட்டும் தனியாக வையுங்கள். வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். மருத்துவர் எழுதித்தரும் கீட்டோகோனசோல் ஷாம்பு, பிறருக்குப் பரவுவதைக் குறைக்கும். வீட்டுப் பூனைக்கு முடி கொட்டியிருந்தால், அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.