பக்கிங்ஹாம் பட்டம் என்ன ஆனது?

கேள்வி: சென்னைக் கால்வாய்க்குப் பெயர் தந்த பக்கிங்ஹாம் பிரபுவின் வாரிசுகள் இன்றும் ‘டியூக்’தானா (பிரிட்டனின் உயர்ந்த பிரபுப் பட்டம்)?

பதில்: இல்லை. 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த மூன்றாவது டியூக், 1889இல் இறந்தார். மூன்று மகள்கள்; மகன் இல்லை. 1822இல் கொடுத்த டியூக் பட்டம் ஆண் வழிக்கு மட்டுமே என்பதால் அவரோடு முடிந்தது. அவரிடமிருந்த வேறு சில பட்டங்கள் பிழைத்தன, ஆளுக்கொரு பக்கமாக! ஒவ்வொரு பட்டத்தின் சாசனத்திலும் வாரிசு விதி வேறு. ஸ்காட்லாந்தின் கின்லாஸ் பட்டம் பெண்ணுக்கும் போகும். மூத்த மகள் பெற்றார். டெம்பிள் ஏர்ல் பட்டம் சகோதரி மகனுக்கு. கோபம் (Cobham) வைகவுண்ட் பட்டமோ, 1718 சாசனம் அதை முதலில் பெற்றவரின் சகோதரிகள் வழியையும் அனுமதித்ததால், தூரத்து உறவான லிட்டில்டன் குடும்பத்துக்குப் போனது.