அமெரிக்கக் கறுப்பின மாணவர் சங்கங்களில் 'சாப்டர்' என்றால் என்ன? படிப்பு முடிந்த பிறகும் ஏன் அதில் இருக்கிறார்கள்?

சாப்டர் என்பது இப்படிப்பட்ட சங்கத்தின் (ஆண்களுக்கானது 'ஃபிரட்டர்னிட்டி', பெண்களுக்கானது 'சொராரிட்டி') உள்ளூர்க் கிளை. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். வெள்ளை மாணவர் சங்கங்கள் அவர்களைச் சேர்க்காத காலம் அது. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா வந்தது. கமலா ஹாரிஸ் பின்னாளில் அங்கே படிக்கும்போது இந்தச் சங்கத்தில்தான் சேர்ந்தார். இன்று இப்படி ஒன்பது பெரிய சங்கங்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு பெண்கள் சங்கமான டெல்டா சிக்மா தீட்டாதான். 1913 ஜனவரியில் 22 ஹோவர்ட் மாணவிகள் தொடங்கினார்கள். மார்ச் 3 அன்றே வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்த பேரணி அது. எவ்வளவு துணிச்சல்!

கிளைகளுக்குப் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளே பெயர். மார்ட்டின் லூதர் கிங் 1952இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தது பாஸ்டனின் சிக்மா கிளையில்.

சரி, படிப்பு முடிந்த பிறகு? இங்கே உறுப்பினர் என்றால் ஆயுளுக்கும். பட்டதாரிகளுக்கு ஊர்தோறும் தனிக் கிளைகள் உண்டு. வேலைக்காக இடம் மாறினால் புது ஊர்க் கிளையில் சேர்ந்துகொள்ளலாம். கல்வி உதவித்தொகை, வாக்காளர் பதிவு போன்ற வேலைகளைப் பெரும்பாலும் இந்தக் கிளைகளே தோளில் சுமக்கின்றன. பட்டம் வாங்கிய பிறகு முதன்முறையாகச் சேர்பவர்களும் இருக்கிறார்கள்.