வெளிநாட்டு உதவியில் நீர்மின் திட்டம்: காணி இல்லாத லயத்துக் குடும்பங்கள் என்ன கேட்க வேண்டும்?

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை எழுதியிருக்கிறார்: "எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் நீர்மின் திட்டம் வரப்போகிறதாம். வெளிநாட்டு உதவி, அரசாங்கத்துக்குச் செலவே இல்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள். நில அளவையாளர்களும் வந்து போய்விட்டார்கள். நாங்கள் லயத்தில் இருப்பவர்கள், காணி எங்கள் பெயரில் இல்லை. யாரிடம் என்ன கேட்பது?"

ஆசிரியரே, செலவே இல்லை என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வெளிநாட்டு உதவி நன்கொடையாகவும் வரலாம், கடனாகவும் வரலாம். வட்டி குறைந்த கடனையும் பணக்கார நாடுகள் உதவிக் கணக்கில்தான் சேர்க்கின்றன. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் நன்கொடையாகவே கொடுத்தது. 1985இல் திறக்கப்பட்ட 210 மெகாவாட் திட்டம் அது. ஆனால் கட்டுமான ஒப்பந்தம் பிரித்தானிய நிறுவனங்களுக்கே போனது. ஸ்வீடன் நிதி கொடுத்த கொத்மலை அணையைக் கட்டியதும் ஸ்வீடனின் ஸ்கான்ஸ்கா நிறுவனம்தான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் கொத்மலை வேறு கதை. 150 மெகாவாட்டுக்கான அந்தத் திட்டத்துக்கு 2002இல் ஜப்பான் கொடுத்தது ஏறத்தாழ 33 பில்லியன் யென் கடன். அணையையும் சுரங்கத்தையும் கட்டியது ஜப்பானின் மயேடா நிறுவனம். இப்படிப்பட்ட கடனைத் திறைசேரி வாங்கி அரச மின்சார நிறுவனத்துக்குக் கைமாற்றும். கடைசியில் அது மின் கட்டணத்திலோ வரியிலோ நம்மிடம்தான் வந்து சேரும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய கடன்களின் ரூபாய்ச் சுமையும் அதே வேகத்தில் ஏறியது. அதனால் எவ்வளவு கடன் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நாணயத்தில், எத்தனை வருடத்துக்கு, யார் கட்டுவது என்றும் கேளுங்கள்.

இதைக் கேட்க உங்களுக்குச் சட்ட உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட எந்தத் திட்டமானாலும், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அமைச்சர் தகவல் தரவேண்டும். நீர்மின் திட்டம் எதுவும் அந்தத் தொகையை எளிதாகத் தாண்டிவிடும். வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்துக்கும் மின்சக்திக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

அப்புறம் காணி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய இடம் இதுதான். காணி எடுத்தற் சட்டப்படி நட்டஈடு காணிக்கு உரிமை உள்ளவருக்குப் போகும். தோட்டத்தில் அது நீங்கள் இல்லை. நாலு தலைமுறையாக அதே லயத்தில் இருந்தாலும் கையில் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை. ஆகவே உங்கள் உரிமை காணிச் சட்டத்தைவிட மீள்குடியேற்றத் திட்டத்தில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுவோர் பற்றிய 2001ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, காணி ஆவணம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும், உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டி வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்கும் ஈடு மறுக்கக் கூடாது என்றே விதி வைத்திருக்கின்றன. கடன் கொடுப்பவர் யார் என்பது உங்களுக்கு இங்கேதான் உதவும்.

மேல் கொத்மலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. பல வருட எதிர்ப்புக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு அவர்களுக்குத் தலவாக்கலைப் பக்கம் புதிய வீடுகள் கிடைத்தன. முதலில் பல அருவிகளின் நீரைத் திருப்ப இருந்த திட்டமும் சுருக்கப்பட்டது. கேட்டதால் கிடைத்தவை இவை. நீங்கள் கேட்கும்போது வீட்டோடு நின்றுவிடாதீர்கள். உறுதி யார் பெயரில், பெண்கள் பெயரும் அதில் இருக்குமா, தோட்ட வேலைக்குப் போகும் தூரம் எவ்வளவு, மரக்கறித் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் என்ன ஈடு என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல 30 நாட்கள்தான். பத்திரிகை அறிவித்தலைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் இந்த நடைமுறைக்குக் கட்டாயம் உட்பட்டவை. உங்கள் திட்டம் சிறியது என்று சொன்னால், எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பாருங்கள். 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்த்தாலும் அது பொருந்தும்.

இங்கே யாரும் காது கொடுக்காவிட்டால், கடன் கொடுத்தவரிடமே முறையிடலாம். உலக வங்கிக்குப் பரிசோதனைக் குழு, ஆசிய அபிவிருத்தி வங்கிக்குப் பொறுப்புக்கூறல் பொறிமுறை, ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவுக்கு ஆட்சேபனை நடைமுறை உண்டு. கொடுக்கும் நாட்டின் நீதிமன்றம்கூடத் தலையிட்டிருக்கிறது. மலேசியாவின் பெர்காவு அணைக்குப் பிரித்தானியா ஒதுக்கிய 234 மில்லியன் பவுண்டு, ஆயுத விற்பனையோடு பின்னப்பட்டிருந்தது. அந்த அணை பொருளாதார ரீதியில் சரியில்லை என்று பிரித்தானிய அதிகாரிகளே எச்சரித்திருந்தார்கள். அந்த உதவி சட்டவிரோதம் என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கடன் கொடுப்பவர் செய்த மதிப்பீட்டு அறிக்கையையும் கேளுங்கள்.

கடன் கொடுத்தவரே பாதியில் விலகினால் என்னாகும் என்பதற்கு உமா ஓயா நீர்மின் திட்டம் இருக்கிறது. பொருளாதாரத் தடைகளால் ஈரானின் கடன் பாதியில் நின்றது. மீதியை இலங்கையே போட்டு, 2024 ஏப்ரலில்தான் திறந்தார்கள். ஆனால் உங்களுக்கு அதைவிட முக்கியமானது பண்டாரவளை மக்களின் அனுபவம். சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உள்ளே கசிந்து, கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. அந்த வெடிப்பு முன்பே இருந்தது என்று அதிகாரிகள் சொன்னால், இல்லை என்று நிரூபிக்கக் கையில் ஏதாவது வேண்டும். ஆகவே இந்த மாதமே ஒவ்வொரு லயத்தின் சுவர்களையும் திகதியோடு படம் எடுங்கள். ஊற்றுகளிலும் பீலிகளிலும் நீர் எவ்வளவு வருகிறது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். குடும்பப் பட்டியலைத் தயாரித்து கிராம உத்தியோகத்தரிடம் ஒப்பம் வாங்கி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.