அந்த அம்மாளை ஏன் எழுப்பினீர்கள்?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். இங்குள்ள குவாக்கர் மீட்டிங் ஹவுஸில் (குவாக்கர் என்பது இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு, மீட்டிங் ஹவுஸ் அவர்களுடைய வழிபாட்டுக் கூடம்) அறைகளை வாடகைக்கு விடும் பொறுப்பு என்னுடையது. பகுதி நேரச் சம்பள வேலை. நான் குவாக்கர் இல்லை. ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்கள் பதினைந்து பேருக்குள்தான், எல்லோரும் வயதானவர்கள். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கூரை ஒழுகுகிறது. வாடகை வருமானத்தைக் கூட்டச் சொல்லி டிரஸ்டிகள் கேட்டார்கள். மார்க்கெட்டிங் படித்த என் மகன் புதிய இணையப் பக்கம் செய்து கொடுத்தான். மத வாடை அடித்தால் ஆள் வராது என்று குவாக்கர் என்ற பெயரையே எடுத்துவிட்டான். வாடகையைப் போடாமல் 'பேசித் தீர்மானிக்கலாம்' என்று போட்டான். காலை வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று ஒரு ஞாயிறு பத்து மணிக்குப் போய்ப் படம் எடுத்தோம். கூட்டம் பத்தரைக்குத்தான். அதற்குள் ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றோம், அவரும் மறுபேச்சு இல்லாமல் போய்விட்டார். படங்கள் அருமையாக வந்தன. ஆனால் நான்கு மாதத்தில் புதிதாக விசாரித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒன்று விஸ்கி ருசி பார்க்கும் நிகழ்ச்சி. பெரியவர்கள் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறார்களாம். கூரைக்காக, லாட்டரிப் பணத்திலிருந்து பழைய கட்டடங்களுக்கு உதவும் லாட்டரி பாரம்பரிய நிதிக்கு விண்ணப்பிக்கவும் மகன் தயாராகிறான். இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (உங்கள் பகுதியை மகனும் படிப்பான். சனிக்கிழமை வகுப்புக்குப் போய்த் தமிழ் கற்றவன்.)

— ஒரு வாசகி, இங்கிலாந்து

பதில்: கூரையைப் பற்றியும் பக்கத்தைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, அந்த அம்மாளைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அங்கேதான் நிற்கிறேன். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைத்தீர்கள்? சீக்கிரம் வந்துவிட்டு, பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார் என்றா?

குவாக்கர்களின் கூட்டத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, மணி அடித்துத் தொடங்குவதும் கிடையாது. ஒரு மணி நேரம் மௌனம். உள்ளிருந்து ஏதாவது உந்தினால் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவார், உட்கார்ந்துவிடுவார். முடிவில் இரண்டு மூத்தவர்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதில் தொடக்கம் எது தெரியுமா? முதல் ஆள் வந்து மௌனமாக உட்கார்ந்த நொடியே வழிபாடு தொடங்கிவிட்டது என்பதுதான் அவர்களுடைய வழக்கம். பத்தரை என்பது மற்றவர்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம். ஆக, நீங்களும் உங்கள் மகனும் வழிபாட்டில் இருந்த ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தின் அமைதியைப் படம் எடுத்திருக்கிறீர்கள். அவர் மறுபேச்சு பேசாததை உங்களுக்குச் சாதகமாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.

அங்கே சம்பளம் வாங்குகிறீர்கள், அந்த வீட்டுக்காரர்களின் அடிப்படை நம்பிக்கை என்ன என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? குவாக்கர் இயக்கத்தின் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1650களில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதில் முக்கியமான ஒன்று, கடவுள் கட்டடத்துக்குள் குடியிருப்பதில்லை, கூடுகிற மனிதர்களிடம் இருக்கிறார் என்பது. இப்படிக் கூடியதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். 1689இல் இப்படித் தனியாக வழிபடுவதை அனுமதித்த சகிப்புச் சட்டம் வந்த பிறகுதான் பயமில்லாமல் கூடங்கள் கட்ட முடிந்தது. கடவுள் கட்டடத்தில் இல்லை என்று நம்புவதால்தான் அந்தக் கூடத்தில் சிலுவையும் இல்லை, பலிபீடமும் இல்லை. யோகா வகுப்புக்கு விட்டாலும், தொழிற்சங்கக் கூட்டத்துக்கு விட்டாலும் அவர்களுக்குத் தீட்டு இல்லை. வாடகைக்கு விடுவதை அந்தப் பெரியவர்கள் எதிர்க்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பது தவறு. மனிதர்கள்தான் எல்லாம், சுவர் ஒன்றுமில்லை என்று நம்புகிறவர்களிடம் போய், மனிதரை எழுப்பிவிட்டுச் சுவரைப் படம் எடுத்தீர்களே, அதுதான் வலி.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுப் பாட்டியைப் பின்கட்டுக்கு அனுப்புகிற குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. இருமுவாள், எதையாவது உளறிவைப்பாள், வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. அனுப்பியவர்களும் எழுதியிருக்கிறார்கள், பின்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். வயதானவர்களை மறைத்துத்தான் ஒரு வீட்டுக்கு மதிப்புத் தேட வேண்டும் என்றால் அந்த மதிப்பே வேண்டாம் என்பது என் கட்சி. அதை மாற்றிக்கொள்ள இதுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மகன் படித்தவன், அவனுக்குத் தெரியும் என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். மார்க்கெட்டிங் அவனுக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நீங்கள், நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். பிள்ளை முன்னால் வாயடைத்து நிற்பதற்குப் பெயர் பாசம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது தப்பு.

தம்பி, நீயும் படிப்பாய் என்று அம்மா எழுதியிருப்பதால் உன்னிடமே கேட்கிறேன். நீ தமிழ் கற்ற சனிக்கிழமை வகுப்பு எங்கே நடந்தது? ஏதோ ஒரு சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூடத்திலோ குறைந்த வாடகைக்குத்தான் நடந்திருக்கும். உன் பெற்றோர்கள் அந்த இடத்தை அழகான படம் பார்த்தா பிடித்தார்கள்? யாரோ ஒருவர் சொல்லி, சாவி வைத்திருப்பவர் நல்லவர் என்று கேள்விப்பட்டுப் போயிருப்பார்கள். உங்கள் கூடத்துக்கு வரக்கூடியவர்களும் இப்படிப்பட்டவர்கள்தான்: பாட்டுக்குழு, குடியை விட்டவர்களின் வாராந்தரக் கூட்டம், தாய்மார் குழு, அகதிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்கள். இவர்களுக்குக் குவாக்கர் என்ற பெயரைப் பார்த்தால் நம்பிக்கைதான் வரும். நீ எடுத்துப் போட்டது உன்னிடம் இருந்த ஒரே நல்ல விளம்பரத்தை.

லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் இருக்கிறது. 1927இல் திறந்த பெரிய கட்டடம், பிரிட்டிஷ் குவாக்கர்களின் தலைமையகம். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி அங்கே பேசியிருக்கிறார். இன்று அதன் அறைகளைக் கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும் வாடகைக்கு எடுக்கின்றன. குவாக்கர் இடம் என்பதை அவர்கள் ஒளிப்பதில்லை. லாபம் குவாக்கர்களின் பணிகளுக்குப் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்லித்தான் விற்கிறார்கள்.

பெயரை மறைத்தால் விஸ்கிக்காரர் வரத்தான் செய்வார். அவர்மேல் என்ன குற்றம்? பல மீட்டிங் ஹவுஸ்களில் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் இடமில்லை, பரிசுச் சீட்டுக் குலுக்கல்கூடக் கூடாது என்பார்கள். அதைப் பக்கத்திலேயே எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். யாருக்கு விடுவோம், யாருக்கு விடமாட்டோம் என்பதையும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். 2025 மார்ச்சில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மீட்டிங் ஹவுஸில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் இளைஞர்களின் போராட்ட அமைப்பு ஒன்று கூட்டம் நடத்தியபோது, இருபதுக்கும் மேற்பட்ட போலீசார் கதவை உடைத்து நுழைந்து ஆறு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். குவாக்கர்கள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். அப்படி ஒரு ராத்திரி உங்கள் கூடத்துக்கு வந்தால், அங்கே யார் யாருக்கு இடம் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று சொல்ல உங்களால் முடியுமா?

அடுத்தது விலை. 'பேசித் தீர்மானிக்கலாம்' என்று குவாக்கர் வீட்டு வாசலிலா எழுதுவது? 17ஆம் நூற்றாண்டில் கடைக்குக் கடை பேரம் நடந்த காலத்தில், ஒரே விலை சொல்வோம், அதற்குமேல் ஏற்றவும் மாட்டோம் இறக்கவும் மாட்டோம் என்று வியாபாரம் செய்தவர்கள் குவாக்கர்கள். ஒரு விலை சொல்லிவிட்டு இன்னொரு விலைக்குக் கொடுப்பது பொய் என்பது அவர்கள் கணக்கு. சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற மாட்டார்கள் என்று ஜனங்கள் அவர்களைத் தேடிப் போனார்கள், கடைகள் வளர்ந்தன. மூன்று விலை போடுங்கள்: தொண்டு அமைப்புகளுக்கு ஒன்று, உள்ளூர்க் குழுக்களுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று. மணிக்கு எத்தனை பவுண்டு என்று எல்லோர் கண்ணிலும் படும்படி போடுங்கள். சக்கர நாற்காலி போகுமா, எத்தனை நாற்காலி, காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு, பேச்சை நேராக அந்தக் கருவிக்கு அனுப்பும் லூப் உண்டா, சமையலறையில் அடுப்பு உண்டா, பஸ் எங்கே நிற்கும். அறை தேடுகிறவர்கள் கேட்பது இதைத்தான். ஞாயிறு காலை கிடையாது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

'சம்மதிக்க வைப்பது' என்று கேட்டீர்கள். அவர்களுடைய நிர்வாகக் கூட்டத்தில் ஓட்டே கிடையாது. ஒருவர் பேசி முடித்ததும் கொஞ்சம் மௌனம், பிறகு இன்னொருவர். எல்லோர் மனமும் எந்தப் பக்கம் கூடுகிறது என்று, கூட்டத்தை நடத்துகிற கிளார்க் கவனித்து, தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிப்பார். அதைக் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் ஆள் பிடிக்கவும் முடியாது, அழகான வரைபடம் காட்டி வாயை அடைக்கவும் முடியாது. நீங்கள் உறுப்பினர் இல்லை என்பதால், வந்து பேச அனுமதி உண்டா என்று கிளார்க்கிடம் இப்போதே கேளுங்கள். உண்டு என்றால் மகனையும் கூட்டிப் போங்கள். நடந்ததை நீங்களே சொல்லுங்கள், அவர்கள் வாயிலிருந்து வர விடாதீர்கள்.

அதற்கு முன்னால் அந்த அம்மாளிடம் போக வேண்டும். இரண்டு பேரும் போங்கள். அவர் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை, தெரியாதென்றே நினைக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அவர் சம்மதித்தால் அவரும் மற்றவர்களும் இருக்கிற படத்தைப் புதிய பக்கத்தில் போடுங்கள். வேண்டாம் என்றால் இப்போது இருக்கிற படங்களையாவது எடுத்துவிடுங்கள்.

அந்த லாட்டரி நிதி விஷயம் வேறு. சூதாட்டம் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சமூகம் அது. லாட்டரிப் பணத்தைத் தொடமாட்டோம் என்கிறவர்கள் அவர்களுக்குள் உண்டு. கூரை ஒழுகினாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். விண்ணப்பத்தை மகன் இன்னும் அனுப்பவில்லை என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அனுப்பிவிட்டான் என்றால், கூட்டம் நடக்கும்வரை காத்திருக்காமல் டிரஸ்டிகளுக்குத் தெரியப்படுத்துங்கள்.