ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் வலி போகவில்லையே?

கேள்வி: காரைக்குடி பக்கம் கிராமம். வயது 41. பலகாரக் கடையில் வேலை, விடியற்காலையில் இருந்து மாவு பிசைவதும் தேன்குழல் பிழிவதும்தான். இரண்டு வருஷமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் வலி. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் தூங்காத மாதிரிதான் எழுந்திருக்கிறேன். காரைக்குடியிலும் மதுரையிலும் பல டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இடுப்புக்கு எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தும் ஒன்றுமில்லை என்கிறார்கள். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று மாமியார் நினைக்கிறார். முழு உடம்பு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா? இனி யாரிடம் போவது?

பதில்: சகோதரி, உங்கள் வலி நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், எம்ஆர்ஐயில் ஜவ்வும் நரம்பு அழுத்தமும் தெரியும், வலியைக் காட்டும் மெஷின் எங்கேயும் கிடையாது. ரிப்போர்ட் நார்மல் என்றால் அந்தப் பரிசோதனை தேடிய நோய் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

முழு உடம்பு ஸ்கேன் வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் எடுத்தால் பலருக்கு, வலியே இல்லாதவருக்குக்கூட, ஒரு ஜவ்வு பிதுக்கமோ சின்னக் கட்டியோ தெரியத்தான் செய்யும். அதன் பின்னால் ஓடி இன்னும் நாலு ஸ்கேன் எடுத்து, தேவையில்லாத ஆபரேஷன் வரை போனவர்கள் உண்டு. நகையை அடகு வைத்து எடுக்கிற அளவுக்கு அதில் விஷயம் இல்லை.

அதைவிட முக்கியமாக, இனி டாக்டரை மாற்றாதீர்கள். ஒவ்வொரு புது டாக்டரும் முதலில் இருந்து ஆரம்பிக்கிறார், அதே டெஸ்ட்டைத் திரும்ப எழுதுகிறார், இரண்டு வருஷக் கதையை யாருமே முழுதாகப் பார்ப்பதில்லை. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த, உட்கார்ந்து கேட்கிற பொறுமை உள்ள ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இருந்தாலும் சரி, சொந்த கிளினிக் வைத்திருந்தாலும் சரி. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, மேலே ஒரு பக்கத்தில் உங்கள் கதையை எழுதி வையுங்கள். வாயால் சொல்லும்போது பாதி மறந்துபோகும், டாக்டருக்கும் நேரம் இருக்காது. பல சமயம் எம்ஆர்ஐயைவிட அந்த ஒரு பக்கம்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

வலி எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அதில் எழுதுங்கள். காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், வீட்டில் ஒரு சாவு, எதுவாக இருந்தாலும். 2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் சில நாளில் விட்டது, மூட்டு வலி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடித்தது. இன்றைக்கும் அந்த வைரஸ் வந்துபோகிறது. அப்புறம், காலையில் எழுந்ததும் கை கால் இறுக்கமாக இருக்கிறதா, எத்தனை நிமிஷத்தில் விடுகிறது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அரை மணிக்கு மேல் இறுக்கம் இருந்து, நடமாடினால் குறைகிறது என்றால் அது மூட்டு அழற்சியின் அடையாளமாக இருக்கலாம். பின்னிரவில் இடுப்பு வலி எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் குறைந்தால், முதுகெலும்பு அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நோயின் ஆரம்ப வருஷங்களில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும். வழக்கமாக எடுக்கிற இடுப்பு எம்ஆர்ஐயிலும் தப்பிப்போகும், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேருகிற சேக்ரோஇலியாக் மூட்டு என்று குறிப்பாக எழுதி எடுத்தால்தான் தெரியும். இது ஆண்களுக்கு வரும் நோய் என்று நினைத்தே எத்தனையோ பெண்களுக்கு வருஷக்கணக்கில் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மாதவிடாயை ஒட்டி வலி கூடுகிறதா என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள், கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தும் ஸ்கேன் நார்மலாக வரலாம். சாப்பிட்ட மருந்து ஒவ்வொன்றும் வேண்டும். கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை சிலருக்குத் தசை வலி தரும். பெயர் தெரியாத பொட்டல மாத்திரை, வாரா வாரம் போட்ட வலி ஊசி இவற்றை மறைக்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். போட்டதும் சுகமாக இருக்கும், நோயை மறைத்துவிடும், எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். ரொம்ப நாள் எடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ஒரு முறை ஒழுங்காகப் பார்த்தால் போதும். ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், பி12, வைட்டமின் டி, தசை பாதிப்பைக் காட்டும் சிகே. இவற்றில் எது விட்டுப்போயிருக்கிறது என்று ஃபைலைப் பாருங்கள். வெயில் கொளுத்தும் நம்ம ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பார்கள். இருட்டில் அடுப்படிக்குள் நுழைந்து பொழுது சாய வெளியே வருபவருக்குக் குறையும். ரொம்பக் குறைந்தால் எலும்பு மென்மையாகித் தொடையும் இடுப்பும் வலிக்கும், தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழ முடியும். இது மருந்தில் சரியாகிற விஷயம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குகிறதா என்று தேடும் ஏஎன்ஏ டெஸ்ட் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும், அப்படித் தாக்கும் லூபஸ் நோய் வந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், ரத்தத்தை 160 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:160 அளவில்கூட ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அப்படி வரும்.

இத்தனையும் சரியாக இருந்தால், நீங்கள் சொல்வதை வைத்து நான் முதலில் யோசிப்பது ஃபைப்ரோமயால்ஜியா. நரம்பு மண்டலமும் மூளையும் வலியைக் கையாளும் முறை மாறிப்போய், சாதாரண அழுத்தமே பெரிய வலியாக உணரப்படும் நிலை இது. வேறு எதுவும் கிடைக்காததால் ஒட்டுகிற பெயர் அல்ல, தனி அளவுகோல் இருக்கிறது. 1990-ல் உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11-ல் வலித்தால்தான் என்றார்கள், 2010-ல் அதை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு மேல் பரவலான வலி, அசதி, தூங்கியும் தெளியாத தூக்கம், ஞாபகக் குழப்பம் இவற்றைக் கணக்கில் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

பெயர் கிடைக்கும் வரை சிகிச்சைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தேடுவது ஒரு பக்கம் நடக்கட்டும், வலியையும் தூக்கத்தையும் இப்போதே கவனிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், இல்லையென்றால் டுலோக்சிடின், பிரிகாபலின் என்று டாக்டர் எழுதலாம். மருந்துக் கடையில் இது மனநோய் மாத்திரை ஆச்சே என்று யாராவது சொன்னால் பயந்து நிறுத்தாதீர்கள், நரம்பு வழி வரும் வலியைக் குறைக்கவும் இவைதான் தரப்படுகின்றன. டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவதால் இந்த வகை வலிக்குப் பெரிய பலன் இல்லை, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

வேலையை விடச் சொல்லப் போவதில்லை, விட முடியாது என்று தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து பிழியுங்கள், முக்கால் மணிக்கு ஒரு தடவை வேலையை மாற்றுங்கள். சுகமாக இருக்கிற நாளில் தீபாவளி ஆர்டர் முழுவதையும் முடித்துவிடலாம் என்று இறங்கினால் அடுத்த சில நாள் படுக்கைதான். நடை நல்லது, பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். ஆனால் சின்ன வேலை செய்தாலே மறுநாள் முழுக்க எழ முடியாமல் போகிறது என்றால் நடையைக் கூட்டாமல் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அது மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைத் தரக் கூடாது என்று சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு, உங்களுக்குக் கிடைக்குமா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

மூட்டு வீக்கம், நீண்ட காலை இறுக்கம், சிஆர்பி உயர்வு இருந்தால் மட்டும் மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ரூமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் அதற்குத் தனித் துறை இருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் காசநோயையும் நினைக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. கால் பலமிழப்பது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது இவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

மாமியாரிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை, ஒரு தடவை கூடவே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் நூறு தடவை சொன்னது ஏறாத இடத்தில் டாக்டர் ஒரு தடவை சொன்னது ஏறும். எல்லாம் டென்ஷன்தான் என்று டாக்டரே சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்: எந்தெந்த நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்கள், எதை இன்னும் பார்க்கவில்லை, என்ன புதிதாக வந்தால் நான் திரும்ப வர வேண்டும்? பதிலை அந்த ஃபைலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூட்டு வலி வந்து வருஷங்கள் கழித்துத் தோலில் சோரியாசிஸ் தெரிகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் புதிதாகத் தடிப்பு, வீக்கம், கண் சிவப்பு என்று எது வந்தாலும் அதையும் தேதி போட்டு எழுதி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது அதே டாக்டரிடம் காட்டுங்கள்.